ஒட்டுவதா, உருக்குவதா?

ஆனி, ஆடிச் சாரலில் எங்கள் செங்கோட்டை வீட்டில் ஒரு வேட்டி காய மூன்று நாள் ஆகும். அந்த நேரம் பார்த்து செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினின் ட்ரையர் மூடி உடைந்தது. மூடி மடங்கும் காதில் விரலளவு விரிசல். மூடி சரியாக அமரவில்லை என்றால் உள்ளே இருக்கும் சுவிட்ச் அமுங்காது, ட்ரையர் சுற்றாது. சுவிட்சை நேராக இணைத்துவிட்டால் மூடியே வேண்டாம் என்று ஒரு மெக்கானிக் யோசனை சொன்னார். கை உள்ளே போனால் நிறுத்துவதற்காகத்தானே அந்த சுவிட்ச் இருக்கிறது, வேண்டாம் என்றுவிட்டேன்.

புது மூடி தென்காசியில் இல்லை. ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துப் புனலூருக்கே பஸ் ஏறிப் போனேன். “கம்பெனியில நின்னு வரணும், ரெண்டாழ்ச்ச பிடிக்கும்” என்றார் கடைக்காரர், அதாவது இரண்டு வாரம். விலை 900 ரூபாய். சரி, வீட்டிலேயே பார்ப்போம் என்று இறங்கியதில், நான்கு வழிகளையும் ஒரே மழைக்காலத்தில் சோதித்துவிட்டேன்.

முதலில் செய்தது எல்லாரும் செய்வதுதான், சூப்பர் குளூ. இது காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரத்தைப் பிடித்துத்தான் இறுகும். சாரல் நாளில் சொட்டு விழுந்த உடனே பிடித்துக்கொள்ளும். திறந்து வைத்த ட்யூபும் அதே வேகத்தில் கல்லாகிவிடும். ஆப்பசோடாவை விரிசலில் தூவி மேலே சொட்டினால் நொடியில் இறுகிக் கல் மாதிரி ஆகும், கொஞ்சம் சூடும் கிளம்பும். பார்க்க வித்தைதான். ஆனால் மூடியை நாலு முறை திறந்து மூடியதும் பசை ஏடாக உரிந்து கையோடு வந்தது.

காரணம் பசை இல்லை, பிளாஸ்டிக். அதைப் பார்க்காமல் பசை வாங்கப் போனதுதான் என் தவறு. மூடியின் உட்புறம் பார்த்தால் பிபி என்று அச்சிட்டிருந்தது, அதாவது பாலிப்ரொப்பிலீன். முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருந்தாலும் இதுதான். தொட்டாலே மெழுகு தடவினது போல வழவழப்பு; எண்ணெய் பழகிய தோசைக்கல்லில் மாவு ஒட்டாதது போல இதில் சாதாரணப் பசை எதுவும் நின்று ஒட்டாது. எழுத்து தேய்ந்திருந்தால் ஒரு சில்லைத் தண்ணீர் டம்ளரில் போட்டுப் பாருங்கள். சாதாரண பிபி மிதக்கும், ஏபிஎஸ் என்ற இன்னொரு வகைப் பிளாஸ்டிக் மூழ்கும். டேபிள் ஃபேன் அடிப்பாகம், டிவி உறை போன்றவை பெரும்பாலும் ஏபிஎஸ். பளபளவென்று இருக்கும், தட்டினால் கெட்டியான சத்தம் வரும்.

ஏபிஎஸ் என்றால் ஆட்டமே வேறு. அதற்கு என் ஓட்டு அதைக் கரைக்கும் அசிட்டோன் என்ற திரவத்துக்கு. அதே ஏபிஎஸ் சில்லுகளைக் கண்ணாடிச் சீசாவில் அசிட்டோன் ஊற்றி இரவு மூடி வைத்தால் காலையில் தோசைமாவுப் பதத்தில் இருக்கும். விரிசலில் தடவி ஒரு நாள் விட்டுவிட்டால் அந்த இடமே மறுபடி பிளாஸ்டிக் ஆகிவிடுகிறது. ஒட்டியது என்பதைவிடப் பிணைந்தது என்று சொல்லலாம். எங்கள் ஃபேனின் கால் அப்படித்தான் நிற்கிறது. அடுப்பு எரியும் பக்கம் இதைக் கொண்டுபோகக் கூடாது, ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். மிக்ஸி ஜாரின் கண்ணாடி போன்ற மூடியிலும் தடவாதீர்கள். அந்தப் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் வெளுத்து நரம்பு நரம்பாக வெடித்துவிடும். பிபி மேல் ஊற்றினால்? தண்ணீர் ஊற்றியது போலத்தான், ஒன்றும் ஆகாது.

எபாக்சியைப் பற்றி ஊரில் பெரிய மரியாதை இருக்கிறது. இரண்டு ட்யூபிலிருந்தும் சம அளவு பிதுக்கிக் குழப்பிப் பூசி, இரவு முழுக்க அசைக்காமல் விட வேண்டும். துண்டு தொலைந்துபோய் இடைவெளி நிரப்ப வேண்டிய இடத்தில் இதை அடிக்க ஆளில்லை. உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, ஜன்னல் கொசுவலைத் துண்டு ஒன்றையும் உள்ளே வைத்துப் பூசினால் ஃப்ரிட்ஜ் காய்கறித் தட்டின் மூலையெல்லாம் நின்றுவிடும். ஆனால் வளைகிற இடத்துக்கு இது ஆகாது. எபாக்சி விறைத்து நிற்கும், பிளாஸ்டிக் வளையும், நடுவில் பிரிந்துவிடும். பிபியில் காய்ந்த புண் பொருக்கு மாதிரி நகத்தால் பெயர்த்துவிடலாம். எபாக்சிக்குக் கொடுக்கிற மரியாதை கொஞ்சம் அதிகம்தான் என்பது என் கருத்து.

கடைசியாக அத்தான் சால்டரிங் அயர்னோடு வந்தார். “பசையெல்லாம் தூரப் போடு மாப்ள” என்றவர், விரிசல் முடியும் நுனியில் முதலில் ஒரு சின்ன ஓட்டை போட்டார். விரிசல் அதற்கு மேல் ஓடாமல் நிற்க அதுதான் வழியாம். அப்புறம் ஸ்டேப்ளர் பின்களை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, அயர்ன் நுனியால் மெல்ல அழுத்தினார். பிபி 160 டிகிரி செல்சியஸ் பக்கம் உருகும் சரக்கு; பின் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. உடனே கையை எடுக்காமல் ஒரு ஸ்க்ரூடிரைவரால் அது உறையும்வரை அமுக்கிப் பிடித்தார். மேலே நிரப்ப, 5 என்று போட்ட பழைய பார்சல் டப்பாவிலிருந்து கீறிய பட்டை. இங்கே கவனம்: 2 என்று போட்ட வாளியையோ கேனையோ வெட்டிப் போட்டால் அது பாலிஎத்திலீன், உருகும், ஆனால் பிபியோடு சேராது. ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும். பிவிசி மேல் அயர்ன் வைக்கவே கூடாது, அமில ஆவி கிளம்பும்.

அழகு என்று பார்த்தால் இந்த வழிக்குத்தான் கடைசி இடம். தையல் போட்ட நெற்றி மாதிரி இருக்கிறது. கை நடுங்கினால் ஓட்டையும் விழும், அதனால் முதலில் ஒரு வேண்டாத டப்பாவில் பழகுவது நல்லது. ஆனால் வளையும் காதும் தாங்கும் பல்லும் பிபியில் உடைந்தால் இதற்கு ஈடு வேறில்லை.

நான்கில் எதுவும் தொடக்கூடாத பொருள்களும் உண்டு. வேகமாகச் சுற்றும் ட்ரையர் கூடை, மிக்ஸி ஜார், வெந்நீர் கெட்டில் எல்லாம் விரிசல் விட்டால் புதுசுதான். ஜாரை ஒட்டித் தருகிறேன் என்று நான் ஆரம்பித்தபோது, “அந்தப் பசையையும் சேத்துச் சட்னி அரைக்கவால?” என்று அம்மா கேட்டுவிட்டாள்.

மூடி இரண்டு சாரல் காலம் தாண்டிவிட்டது. தழும்பு தெரியாமலிருக்க அம்மா அதன் மேல் ஒரு பழைய துண்டு போட்டு வைத்திருக்கிறாள்.