34 டாலர் பேரிங் பேக்கர்: இரண்டு ஏப்ரல் பயன்படுத்திய பிறகு

பேரிங்குக்குள் கிரீஸ் ஏற்றுகிற இந்தச் சின்னக் கருவியைப் போன வருஷம் ஏப்ரலில் வாங்கினேன். வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற எங்கள் டிராவல் டிரெய்லருக்கு நான்கு சக்கரம், சக்கரத்துக்கு இரண்டு பேரிங். போன வருஷம் எட்டு, இந்த வருஷம் எட்டு, ஆக பதினாறு முறை இதில் கிரீஸ் ஏற்றியாகிவிட்டது. வாங்கலாமா என்றால், வாங்கலாம். கை அழுக்காகாது என்று நினைத்து மட்டும் வாங்க வேண்டாம். கை அழுக்காகத்தான் செய்யும்.

நாங்கள் ஒஹையோ மாநிலத்தில், கொலம்பஸில் இருக்கிறோம். டிரெய்லர் 24 அடி. இரண்டு அச்சு, ஒவ்வொன்றும் 3,500 பவுண்டு தாங்கும். அக்டோபரில் நிறுத்தினால் ஏப்ரலில்தான் மறுபடி எடுப்போம். வருஷத்துக்கு 3,000 மைல்கூட ஓடாது. கையேட்டில் 12 மாதம் அல்லது 12,000 மைல், எது முதலில் வருகிறதோ அப்போது பேரிங்கைப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. எங்களுக்கு எப்போதும் மாதக் கணக்குதான் முதலில் வரும். ஓடாமல் நிற்கிற வண்டிக்குத்தான் ஈரம் சேர்ந்து பேரிங்கில் துருப்புள்ளி விழும்.

சக்கரம் மாட்டுகிற அச்சு முனைக்கு ஸ்பிண்டில் என்று பெயர். எங்கள் ஸ்பிண்டிலின் நுனியிலேயே கிரீஸ் ஏற்றுகிற நிப்பிள் இருக்கிறது. மூடியின் நடுவில் உள்ள ரப்பர் அடைப்பை எடுத்துவிட்டு கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால், கிரீஸ் ஸ்பிண்டிலுக்குள் குடைந்த துளை வழியாகப் பின்னால் போய், கிரீஸ் கசியாமல் தடுக்கிற சீலுக்கும் உள் பேரிங்குக்கும் நடுவே வெளியே வரும். பிறகு உள் பேரிங், சக்கரத்தின் நடுக்குடமான ஹப், வெளி பேரிங் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, பழைய கிரீஸை முன்பக்கம் தள்ளும். நல்ல யோசனைதான். சக்கரத்தைத் தூக்கி, கையால் சுற்றிக்கொண்டே, கைக்கன்னால் மெதுவாக அடிக்க வேண்டும். நாங்கள் கொடுத்த ஒரு பட்டறையில் அப்படிச் செய்யவில்லை. காற்றுக் கன்னை வைத்து ஒரே மூச்சில் அடித்துவிட்டார்கள். அடுத்த பயணத்தில் பிரேக் அழுத்தினால் வண்டி ஒரு பக்கம் இழுத்தது. வீட்டுக்கு வந்து டிரம்மைக் கழற்றினால் சீல் பிதுங்கி, பிரேக் ஷூ முழுக்கச் சிவப்புக் கிரீஸ். லைனிங்கில் கிரீஸ் ஊறிவிட்டால் துடைத்துப் பயனில்லை. அந்த அச்சில் இரண்டு பக்கமும் பிரேக் அசெம்பிளியை முழுதாக மாற்றினோம். மலை இறக்கத்தில் இப்படி ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இனிமேல் ஹப்பை நானே கழற்றுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

அந்தச் சமயம் அப்பா இங்கே வந்திருந்தார். நாமக்கல்லில் 31 வருஷம் லாரி ஓட்டியவர். இந்தக் கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பிளாஸ்டிக் கூம்புகள், நடுவில் துளையுள்ள ஒரு மரைத் தண்டு, தண்டின் தலையில் ஒரு கிரீஸ் நிப்பிள். பேரிங்கின் குறுகிய பக்கம் கீழே வருகிற மாதிரி இரண்டு கூம்புக்கும் நடுவில் வைத்து, மேல் கூம்பைக் கையால் முறுக்கி இறுக்க வேண்டும். பிறகு கன்னை மாட்டி நாலைந்து முறை அழுத்தினால் உருளைகளின் இடுக்கு வழியாகக் கிரீஸ் புழுப்புழுவாக வெளியே வரும். சுற்றிலும் வந்துவிட்டால் பேரிங் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு பேரிங்குக்கு ஒரு நிமிஷம் போதும்.

அப்பா ஒரு பேரிங்கைக் கையில் எடுத்துக்கொண்டார். இடது உள்ளங்கையில் எலுமிச்சம்பழம் அளவு கிரீஸ். பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, மேல்பக்கம் கிரீஸ் பிதுங்கும் வரைக்கும் ஒரே இடத்தில் குத்தி, பிறகு கொஞ்சம் திருப்பி மறுபடி குத்தினார். நான்கு நிமிஷம் ஆனது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே ஒரு வித்தியாசமும் இல்லை. கருவி கையைவிட நன்றாகச் செய்கிறது என்று சொல்ல மாட்டேன். எனக்கு அப்பாவின் கைப்பழக்கம் கிடையாது. நான் கையால் செய்தால் எங்காவது ஓர் உருளைக்குப் பின்னால் வெற்றிடம் விட்டுவிடுவேன். அந்தப் பயம் இதில் இல்லை.

குறைகளும் உண்டு. எங்கள் அச்சில் வெளி பேரிங் சின்னது, அதன் எண் எல் 44649. கூம்பில் அது நடுவில் உட்காராமல் ஒரு பக்கம் சரிகிறது. சரிந்தபடியே அடித்தால் கிரீஸ் உள்ளே போகாமல் பக்கவாட்டில் வழிந்துவிடும். இடது கையால் பேரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டே முறுக்க வேண்டும். உள் பேரிங் எல் 68149, அது அழகாக உட்காருகிறது. மரையும் பிளாஸ்டிக்தான், ஸ்பேனர் வைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் தண்டுக்குள்ளும் கூம்புக்குள்ளும் தங்கும் கிரீஸ் வீண். அப்புறம், உருளைகளின் வெளிப்பக்கத்திலும், அவை உருளுகிற வெளி வளையமான கப்பின் உட்பக்கத்திலும் இந்தக் கருவி பூசாது. அதை விரலால்தான் தடவ வேண்டும். 14 அவுன்ஸ் டியூபில் பாதிக்கு மேல் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பேரிங்கில் நான் செய்த தப்பு, பழைய கிரீஸைத் துணியால் துடைத்துவிட்டு நேரே கருவியில் வைத்தது. புதுக் கிரீஸ் பழசைத் தள்ளிவிடும் என்று நினைத்தேன். அப்பா கையைப் பிடித்துவிட்டார். "அம்மணி, கிரீஸ் அடிக்கறது பெரிய வேலை இல்ல. கழுவிப் பாக்கறதுதான் வேலை." ஊரில் மண்ணெண்ணெயில் ஊறப்போடுவார்களாம். இங்கே பெயின்ட் கரைக்கிற மினரல் ஸ்பிரிட்ஸ் டப்பா ஒன்று வாங்கி, எட்டையும் ஒவ்வொன்றாக ஒரு பழைய பாத்திரத்தில் போட்டு, பிரஷால் தேய்த்துக் கழுவினோம். எது எந்தச் சக்கரத்துடையது என்று மாறிவிடக் கூடாது. அதற்குத் தனித்தனிக் கிண்ணம் வைத்தோம். காற்றடித்துக் காயவைக்கும்போது பேரிங்கைச் சுழலவிடாதீர்கள். உருளைகளைப் பிடித்திருக்கிற கூட்டை உடைத்துக்கொண்டு உருளை தெறித்துவிடும்.

கழுவியதும்தான் விஷயம் தெரிந்தது. வலது பின்சக்கரத்தின் உள் பேரிங்கில் இரண்டு மூன்று உருளைகள் நீலம் பாரித்திருந்தன. சூடு பட்ட நிறம் அது. கப்பில் நகத்தை வைத்து இழுத்தால் குண்டூசி முனை அளவு குழிகள் தட்டுப்பட்டன. அதற்கு முந்தின பயணத்தில் பெட்ரோல் போட நின்றபோது அந்தச் சக்கரத்தின் ஹப் மட்டும் மற்றதைவிட 40 டிகிரி ஃபாரன்ஹீட் கூடுதலாகக் காட்டியது. வெயில் படுகிற பக்கம் என்று நினைத்து விட்டுவிட்டேன். நிப்பிள் வழியாகக் கிரீஸ் அடித்துக்கொண்டே இருந்திருந்தால் அந்தக் குழிகளை நான் பார்த்திருக்கவே முடியாது. இந்தக் கருவியால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான். ஏற்றுகிற வேலை சுலபமானதால், கழற்றவும் கழுவவும் சலிப்பு வரவில்லை.

பேரிங்கை மாற்றினால் கப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும். உருளைகள் இருக்கிற உள் பாகமான கோனை மட்டும் புதிதாகப் போட்டால் பழைய குழி அதைத் தின்றுவிடும். டிம்கன் கம்பெனி ஜோடி வாங்கினோம். கப் எண் எல் 68111. பழைய கப்பைப் பித்தளைக் கம்பியால் எதிரெதிர்ப் பக்கமாகத் தட்டி வெளியே எடுத்தோம். புதுக் கப் கொஞ்சம் சுருங்கட்டும் என்று முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்திருந்தேன். பழைய கப்பையே மேலே வைத்து அப்பா சுத்தியலால் தட்டினார். உள்ளே போகும் வரைக்கும் 'டொக்கு டொக்கு' என்ற சத்தம், அடியில் போய் உட்கார்ந்ததும் 'டங்' என்று மாறியது. "போதும், உக்காந்துடுச்சு" என்று சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

சீலைத் திரும்பப் போடாதீர்கள். ஹப்பைக் கழற்றுகிற ஒவ்வொரு முறையும் புதுசு போட வேண்டும். கிரீஸ் லித்தியம் காம்ப்ளெக்ஸ் வகை, கெட்டித்தன்மை என்எல்ஜிஐ 2, டப்பாவில் சக்கர பேரிங்குக்கு ஏற்றது என்பதற்கான ஜிசி-எல்பி குறி போட்டிருக்க வேண்டும். வேறு வகைக் கிரீஸோடு கலக்கக் கூடாது. ஹப்பைப் பிடித்திருக்கிற ஸ்பிண்டில் நட்டை, டிரம்மைச் சுற்றிக்கொண்டே 50 அடி-பவுண்டு வரை இறுக்கி, பிறகு டிரம்மை அசைக்காமல் தளர்த்தி, விரலால் மட்டும் மறுபடி முறுக்கி ஸ்ப்ளிட் பின் போட வேண்டும். துளை நேராக வராவிட்டால் கொஞ்சம் தளர்த்தலாம், இறுக்கக் கூடாது. இதில் அப்பாவுக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்தது. அவர் கையால் ஆட்டிப் பார்த்துப் பிளே, அதாவது ஆட்டம், பார்க்கிறவர், நான் இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சை விட மாட்டேன் என்றேன். இரண்டும் செய்தோம். வீல் நட்டுகளை 10, 25, 50 மைலில் நிறுத்தி மறுபடி டார்க் பார்த்தேன்.

இந்த மே மாதம் ஸ்மோக்கி மலைக்குப் போனோம், சுமார் 400 மைல். ஐ-75 சாலையில் கென்டக்கியில் நிறுத்தி சூடு அளக்கிற இன்ஃப்ராரெட் கன்னை ஹப்களில் வைத்தேன்: 112, 115, 113, 116 டிகிரி ஃபாரன்ஹீட். நான்கும் பக்கத்துப் பக்கத்தில். டென்னசி எல்லையில் ஜெலிக்கோ மலை ஏற்ற இறக்கத்தைப் போன முறை பயந்துகொண்டே கடந்தேன். இந்த முறை பாட்டுக் கேட்டுக்கொண்டு போனேன்.

ஒற்றை அச்சு, இரண்டே சக்கரம் உள்ளவர்களுக்கு இது அவசியமில்லை. நான்கு பேரிங்குக்குக் கையே போதும். இரண்டு அச்சு உள்ளவர்கள் வாங்குங்கள். கூடவே எட்டு பேரிங்குக்கும் எட்டுக் கிண்ணம் எடுத்து வையுங்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது அப்பாவிடம் ஒன்று வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். லாரி பேரிங் இதில் நிற்காது, நீயே வைத்துக்கொள் என்றார். அந்தக் குழி விழுந்த கப்பை மட்டும் துடைத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டார்.