கார்வெட் எவ்வளவு கொடுக்கிறது? ஒரு பெட்ரோல் நோட்டின் கதை

44,300 மைல், 2,123 கேலன். 2021 ஆகஸ்டிலிருந்து 2025 ஜூன் வரை என் கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் ஓடிய தூரமும் குடித்த பெட்ரோலும் இவை. வகுத்தால் கேலனுக்கு 20.9 மைல் வரும். நம் ஊர்க் கணக்கில் லிட்டருக்கு 8.9 கிலோமீட்டர். இந்த மாடல் புதிதாக வந்தபோது கண்ணாடியில் ஒட்டிய அரசாங்க ஸ்டிக்கர் ஊருக்குள் 17, ஹைவேயில் 29, இரண்டும் சேர்த்து 21 என்று சொன்னது. அட, அப்படியே பொருந்துகிறதே என்று எனக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் பெட்ரோல் கணக்கு எழுதும் நோட்டை மாதவாரியாகப் புரட்டிப் பார்த்தேன். ஹூஸ்டன் போய்வந்த இரண்டு மூன்று மாதங்களைத் தள்ளிவிட்டால், ஒரு மாதம்கூட வண்டி 21-ஐ ஒட்டி வரவில்லை. ஒன்று 22-க்கு மேலே, இல்லையென்றால் 17-க்குக் கீழே.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக: 2015 செவர்லே கார்வெட் ஸ்டிங்ரே, ஏழு கியர் மேனுவல், 6.2 லிட்டர் வி8 எஞ்சின் (எட்டு சிலிண்டர்), 455 குதிரைத்திறன். சீட் இரண்டே இரண்டுதான். செகண்ட்ஹேண்டில் வாங்கியது. இருப்பது டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உறை நீக்கி ஓட்டுகிற வண்டி இல்லை இது. ஆபீஸ், மகளின் ஸ்கூல், மளிகைக்கடை எல்லாம் இதில்தான்.

நோட்டு போடும் பழக்கம் மாமனார் சொல்லிக்கொடுத்தது. அவர் நாமக்கல்லில் முப்பது வருடம் லாரி ஓட்டி, பிறகு இரண்டு லாரி சொந்தமாக வைத்திருந்தவர். கார் வாங்கியதைப் போனில் சொன்னபோது, எத்தனை லட்சம் என்று கேட்கவில்லை. "டேஷ்போர்டுல காட்டறதை நம்பாதீங்க மாப்பிள்ளை. டேங்க் ஃபுல் பண்ணுங்க, ஓட்டுங்க, மறுபடி ஃபுல் பண்ணுங்க. எவ்வளவு பிடிச்சுதோ அதுதான் கணக்கு" என்றார். அப்படியே செய்தேன். ஒரே பங்க், முடிந்தவரை அதே பம்ப். நாஸில் 'டக்' என்று தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் சொட்டுகூட ஊற்றக் கூடாது. அவர் சொன்னது சரிதான். என் வண்டியின் டேஷ்போர்டு ஏறக்குறைய எப்போதுமே ஒரு மைல் கூட்டித்தான் சொல்கிறது.

முதல் இரண்டு வருடம் ஆபீஸ் இர்விங்கில். ஒருவழி 24 மைல், பெரும்பகுதி சாம் ரேபர்ன் டோல் ரோடு. காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பிவிட்டால் பிரேக்கைத் தொடாமலே பாதி தூரம் போய்விடலாம். ஏழாவது கியரில் மணிக்கு 70 மைல் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் டாக்கோமீட்டர் முள் 1,500-ஐ ஒட்டித்தான் நிற்கும். இவ்வளவு பெரிய எஞ்சின் அங்கே கிட்டத்தட்டத் தூங்கிக்கொண்டிருக்கிறது. வண்டி தாழ்வானது, காற்றை அதிகம் தடுக்காது. எடையும் 1,500 கிலோ சுமார்தான். அந்த இரண்டு வருடச் சராசரி 22.6. ஹூஸ்டனுக்கு ஐ-45 ஹைவேயில் போனால் 27 சாதாரணமாக வரும். இதுவரை வந்த அதிகபட்சம் 30.6. அன்று எந்தச் சாமர்த்தியமும் நான் காட்டவில்லை. வழி நெடுக ரோடு வேலை நடந்ததால் மொத்தக் கூட்டமும் அறுபதிலேயே ஊர்ந்தது, கோபத்தோடு நானும் ஊர்ந்தேன். அடுத்த முறை ரோடு காலியாக இருந்தது. 80-இல் போனேன், 25-க்கு வந்துவிட்டது.

இந்த வண்டியில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க இரண்டு வித்தைகள் உண்டு. ஒன்று ஈகோ மோட். டிரைவ் மோட் திருகியை ஈகோவில் வைத்தால், அழுத்தம் இல்லாமல் ஓடும்போது எட்டு சிலிண்டரில் நான்கு ஒதுங்கிக்கொள்ளும். அவற்றின் வால்வுகள் மூடியே இருக்கும், பெட்ரோலும் போகாது. மேனுவல் வண்டியில் ஈகோவில் வைத்தால்தான் இது வேலை செய்யும், வழக்கமான டூர் மோடில் செய்யாது. இது தெரியாமல் முதல் மூன்று மாதம் ஓட்டியிருக்கிறேன். தெரிந்த பிறகு அதே ரோடு, அதே 70 மைல் க்ரூஸில் பல வாரம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். டூரில் 26.8, ஈகோவில் 28.4. டெக்சாஸ் போன்ற தட்டையான பூமியில் இது நல்ல லாபம். ஆனால் நான்கு சிலிண்டரில் ஓடும்போது சைலன்சரிலிருந்து ஒரு ஆழ்ந்த முனகல் வரும், பக்கத்து அறையில் யாரோ மிக்ஸி போட்டதுபோல. பாட்டுக் கேட்டுக்கொண்டே போகிறவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தலை வலிக்கும். ஊருக்குள் ஈகோவால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

இரண்டாவது வித்தை கொஞ்சம் வில்லங்கமானது. சிக்னலில் பச்சை விழுந்து மெதுவாக எடுத்து, 15-20 மைல் வேகத்தில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு இழுத்தால் கியர் லீவர் போகாது. இரண்டாவதின் வழி அடைபட்டு, லீவர் நேராக நான்காவதுக்குத் தள்ளப்படும். டேஷ்போர்டில் '1-4' என்று ஒரு விளக்கு எரியும். நான்காவதில் வண்டி திணறும், முதல் தடவை எனக்கு ஆஃபே ஆகிவிட்டது. பின்னால் ஹாரன். கியர்பாக்ஸ் போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தால், அது கம்பெனியே வைத்த ஏற்பாடு. அமெரிக்காவில் 1978-இல் வந்த சட்டப்படி, சேர்த்த மைலேஜ் கேலனுக்கு 22.5-க்குக் குறைந்தால் அந்த காருக்கு 'கேஸ் கஸ்லர்' (பெட்ரோல் குடியன்) என்று தனி வரி, ஆயிரம் டாலரில் தொடங்கி 7,700 வரை. வரிக்கு எடுப்பது ஆய்வகத்தில் வந்த அசல் எண்ணை. அது ஸ்டிக்கரில் போடுவதைவிடக் கூடுதலாக இருக்கும். அந்தச் சோதனையில் மைலேஜைக் கொஞ்சம் கூட்டிக் காட்டத்தான் இந்த ஒன்று-நான்கு ஏற்பாடு. இந்த வரி பயணிகள் காருக்கு மட்டும்தான், பிக்கப்புக்கும் எஸ்யூவிக்கும் கிடையாது. என் தெருவில் வீட்டுக்கு ஒரு பிக்கப் நிற்கிறது. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த அடைப்பிலிருந்து தப்ப ஒரே சுலபமான வழி, ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தி வேகத்தை 20-க்கு மேலே கொண்டுபோய்விட்டு மாற்றுவதுதான். நான்கு வருடமாக அதைத்தான் செய்கிறேன். பெட்ரோலைச் சேமிக்க வைத்த ஏற்பாடு என்னைத் தினமும் பத்து சிக்னலில் கூடுதலாகப் பெட்ரோல் எரிக்க வைக்கிறது. இதை அடக்க ஒரு சின்ன பிளக் கடையில் விற்கிறது, வாங்க வேண்டும் என்று நினைப்பதோடு சரி.

2023 ஆகஸ்டில் ஆபீஸ் பிளேனோவுக்கு மாறியது. வீட்டிலிருந்து ஐந்தே மைல். கொண்டாடினேன். முதல் மாதம் நோட்டில் 16.1. அடுத்த மாதம் 16.5. எஞ்சினில் ஏதோ கோளாறு என்று ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் 160 டாலர் வாங்கிக்கொண்டு ஏர் ஃபில்டரை மாற்றிவிட்டு, இனிமேல் சரியாகிவிடும் என்றார். அதற்கடுத்த மாதம் 16.3.

கோளாறு எங்கே என்று ஒரு ஜனவரி காலையில்தான் புரிந்தது. வெளியே 34 டிகிரி ஃபாரன்ஹீட், கிட்டத்தட்ட உறைகிற குளிர். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் டிரிப் மீட்டரை அழித்துவிட்டு, ஒவ்வொரு மைலுக்கும் காட்டுவதைக் கவனித்துக்கொண்டே போனேன். தெருமுனையில் 6. முதல் மைலில் 8.9. மகளின் ஸ்கூல் வாசலில் காரோடு கார் ஒட்டி நிற்கும் வரிசையில் பன்னிரண்டு நிமிடம் நின்றதில், மெல்ல ஏறிய எண் மறுபடி இறங்கியது. ஸ்கூலைத் தாண்டி மூன்றாவது மைலில்தான் எஞ்சின் சூட்டைக் காட்டும் கூலண்ட் முள் நடுவுக்கு வந்தது. ஆயில் வெப்பநிலைக்குத் தனி மீட்டர் உண்டு. ஆபீஸ் பார்க்கிங்கில் எஞ்சினை அணைக்கும்போதும் ஆயில் முழுதாகச் சூடாகியிருக்கவில்லை. எஞ்சின் சூடேறும்வரை அது பெட்ரோலைக் கூடுதலாகத்தான் வாங்கும், கெட்டியான ஆயிலைத் தள்ளவும் தனி உழைப்பு. இர்விங் போன காலத்தில் இந்த முதல் மூன்று மைல் செலவை மீதி 21 மைல் சுமந்தது. இப்போது சுமக்க ஆளில்லை. அதே வண்டி, அதே கால், அதே பெட்ரோல். மாறியது ரூட் மட்டும்தான்.

இதை ஒரு பெரிய துக்கமாக மனைவியிடம் சொன்னேன். அவள் நோட்டை வாங்கி, நான் கவனிக்காத கேலன் வரிசையைக் கூட்டினாள். முன்பு மாதம் 1,250 மைல், 55 கேலன். இப்போது சுமார் 510 மைல், 31 கேலன். "மாசம் இருபத்தி நாலு கேலன் மிச்சம். நீங்க எதுக்கு மெக்கானிக்குக்கு 160 டாலர் குடுத்தீங்க?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அன்று முதல் நோட்டில் 'மாதத்துக்கு எத்தனை கேலன்' என்று புது வரிசை ஒன்று ஏறியது. 2013 மாடலிலிருந்து அமெரிக்க ஸ்டிக்கரிலேயே நூறு மைலுக்கு எத்தனை கேலன் என்று சின்ன எழுத்தில் போடுகிறார்கள். எல்லோரும் பெரிய எழுத்தைத்தான் பார்க்கிறோம்.

செலவைப் பற்றி இரண்டு வரி. கம்பெனி பிரீமியம் பெட்ரோல் போடச் சொல்கிறது. டெக்சாஸில் கிடைக்கும் 93 ஆக்டேன்தான் போடுகிறேன். டேங்க் 18.5 கேலன். 2022 ஜூனில் சாதாரணப் பெட்ரோலின் அமெரிக்கச் சராசரியே கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியபோது, 17 கேலன் போட்டதற்கு ஒருமுறை 90 டாலர் ஆனது. அந்த ரசீதை நோட்டிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். மற்ற நாட்களில் வலிக்கவில்லை.

வாங்க நினைப்பவர்கள் கேட்டால் நான் கேட்பது, ஆபீஸ் எத்தனை மைல் என்பதைத்தான். இருபதுக்கு மேல், அதுவும் ஹைவே என்றால் இது குடும்பக் கார் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ஐந்து மைல் என்றால் 16 என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

போன கோடையில் மாமனார் வந்திருந்தார். பக்கத்து சீட்டில் சிரமப்பட்டு இறங்கி உட்கார்ந்து, சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கேட்டார்: "எவ்வளவுங்க குடுக்குது?"

"லிட்டருக்கு ஒன்பதுக்குக் கொஞ்சம் கம்மி, மாமா."

"எந்த லைனுக்கு?"

இத்தனை வருடத்தில் அப்படி என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். ஆபீஸ் லைனுக்கு ஏழு, ஹூஸ்டன் லைனுக்கு பதினொன்றரை என்றேன். தலையாட்டினார். டோல் ரோட்டில் ஏறி ஏழாவது கியர் போட்டபிறகு, பின்னால் திரும்பி, சீட் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார்.

"எங்க ஓனரோட அம்பாசடர் இதைத்தான் குடுத்துச்சுங்க. அதுல ஏழு பேர் போவோம்."