டனல் தக்காளியில் வாடல் நோய்: சுற்றும் நீரா, வடியும் பையா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே வெருலம், டொங்காட் பக்கம் டனல் (பிளாஸ்டிக் கூடாரம்) போட்டுத் தக்காளி வளர்ப்பவர்களுக்குக் கோடைதான் சோதனைக் காலம். மண்ணே இல்லாமல் வளர்த்தாலும் பாக்டீரியா வாடல் வரும். அதைத் தரும் ரால்ஸ்டோனியா கிருமி ஆற்றுநீரிலும் வரும், செருப்பில் ஒட்டிய மண்ணிலும் வரும். 30 டிகிரியைத் தாண்டினால் வேகம் பிடிக்கும். செடி பச்சையாக இருக்கும்போதே தலை சாயும். தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் பிடித்தால் வெட்டுவாயிலிருந்து பால் போல இழை இறங்கும். வந்துவிட்டால் மருந்து கிடையாது. அதனால்தான் எந்த அமைப்பில் வளர்க்கிறோம் என்பது முக்கியம்.

வேருக்குப் போகும் உரக் கரைசலைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால் உரமும் தண்ணீரும் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் ஒரு வேரில் கசியும் கிருமி எல்லா வரிசைக்கும் போய்ச் சேரும். யூ.வி. (புறஊதா) விளக்கு அதைக் கொல்லும். ஆனால் கலங்கிய கரைசலில் ஒளி ஊடுருவாது, முதலில் வடிகட்ட வேண்டும். கரைசலில் கரைந்தே நிற்கும்படி செய்த கீலேட் இரும்பையும் அந்த ஒளி சிதைப்பதால் இரும்பை மறுபடி சேர்க்க வேண்டும். குளோரின் மலிவு. பி.எச். 7ஐத் தாண்டினால் வலு குறையும், அளவு கூடினால் வேர் கருகும். இரண்டுமே தொட்டிக்குத் திரும்பும் நீரைத்தான் சுத்தம் செய்யும். ஒரே வாய்க்காலில் வேரிலிருந்து வேருக்குப் பரவுவதை என்ன செய்வது? லோட்ஷெடிங் (மின்வெட்டு) வந்து பம்ப் நின்றால் மெல்லிய நீரோட்டத்தில் நிற்கும் வேர்கள் சீக்கிரம் காய்ந்தும் போகும்.

மரத்தூள் பையிலோ தென்னை நார்க்கழிவுப் பையிலோ சொட்டுநீர் விட்டு, வடிவதை வெளியேற்றும் முறையில் 10 முதல் 30 சதவீதம் கரைசல் வீணாகும். உரம் விற்கும் விலைக்கு அது வலிக்கும். இருந்தும் சிறு விவசாயிக்கு இதைத்தான் சொல்வேன். நோய் கண்ட செடியைப் பையோடு கட்டி அன்றே அப்புறப்படுத்தலாம்; வடிநீர் பக்கத்துப் பைகளை நனைக்காமல் இருந்தால் மற்றவை பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த வடிநீரைக் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்குப் பாத்திக்கு மட்டும் விடாதீர்கள், அவையும் இந்தக் கிருமிக்கு இரைதான்.

எந்த அமைப்பானாலும் ஹவாய் 7996 போன்ற வாடல் எதிர்ப்புத் தக்காளி ரகத்தை வேர்ச்செடியாக வைத்து ஒட்டிய நாற்றுக்குச் செலவு செய்யலாம். வாடலை அது வெகுவாகத் தாங்கும், ஆனால் வெளியே தெரியாமல் கிருமியைச் சுமக்கவும் கூடும். அப்புறம், கேன்கர் என்ற இன்னொரு பாக்டீரியா நோய் வேறு கதை. அது விதையிலும் கத்தியிலும் பரவுவது. ஒட்டுக்கட்டும் கத்தியே அதைப் பரப்பிவிடும். விதையைப் பரிசோதித்து வாங்கும் நாற்றங்காலைத் தேடுங்கள். பக்கக்கிளை ஒடிக்கும்போது வரிசைக்கு வரிசை கத்தியையும் கையையும் கிருமிநீக்கம் செய்யுங்கள்.

செம்பு மருந்து இலைப்புள்ளியைக் கட்டுப்படுத்த உதவும். தண்டுக் குழாய்க்குள் இருக்கும் வாடல் கிருமியை அது தொடவே தொடாது.