மிஞ்சிய பலகைகளும் ஒரு பாக்கெட் ஹோல் ஜிக்கும்

மரவேலை முடிந்தபின் மிஞ்சிக் கிடந்த பிளைவுட் துண்டுகளைக் கொண்டு ஒரு புத்தக அலமாரியும் இரண்டு இழுப்பறைகளும் செய்யலாம் என்ற எண்ணத்தில்தான், பலகைகளைத் திருகால் இணைக்கச் சாய்வான துளையிட உதவும் இந்தப் பாக்கெட் ஹோல் ஜிக்கை வாங்கினேன். ஓராண்டுக்கும் மேலாகப் பயன்படுத்திய பிறகு சொல்கிறேன்: கருவி நல்லது, ஆனால் எந்தப் பலகையில் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே அதன் பலன் அமையும்.

பலகையின் மறைவான பக்கத்தில் ஏறத்தாழ 15 பாகைச் சாய்வில் துளையிட இது வழிகாட்டுகிறது. உடன் வரும் 9.5 மி.மீ. டிரில் பிட்டின் நுனி மட்டும் மெல்லியதாக இருப்பதால், திருகின் தலை உட்கார அகன்ற குழியும் அதன் முனை செல்ல ஒடுங்கிய வழியும் ஒரே முறையில் கிடைத்துவிடுகின்றன. இணைப்புக்கான பள்ளமான காடி எடுக்கவும் உளி பிடிக்கவும் பழகாத என்னைப் போன்றவர்களும் உறுதியான இணைப்பை உருவாக்க முடிகிறது.

சிக்கல் தொடங்குவது பலகையின் கனத்தில். மிஞ்சிய துண்டுகள் ஒரே கனத்தில் கிடைப்பதில்லை, 18 மி.மீ. என்று விற்கப்பட்ட பிளைவுட்டே அளந்து பார்த்தால் சற்றுக் குறைவாக இருப்பதுண்டு. கனம் மாறும்போதெல்லாம் துளையின் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் வளையத்தையும் திருகின் நீளத்தையும் மாற்ற வேண்டும்: 18 மி.மீ. பலகைக்கு 32 மி.மீ. திருகு, 12 மி.மீ. பலகைக்கு 25 மி.மீ. திருகு. இதை மறந்து மெல்லிய துண்டில் நீளமான திருகை முடுக்கியதால், அதன் கூர்முனை முகப்புப் பக்கத்தில் எட்டிப் பார்த்தது. அந்தத் துண்டை அலமாரியின் அடித்தட்டாக்கி மறைத்துவிட்டேன்.

பழைய அலமாரிக் கதவிலிருந்து எடுத்த துகள் பலகையிலும் முயன்றேன். முடுக்கும்போது இறுகியது போலத் தெரிந்த திருகு, சில வாரங்களில் துகள்களை அரைத்துக்கொண்டு தளர்ந்துவிட்டது. பிளைவுட்டிலும்கூட, திருகு அடுத்த பலகையின் முகத்தில் இறங்குமாறு துளைகளை அமைப்பதே நல்லது; விளிம்பில் இறங்கினால் அடுக்குகள் பிளக்கக்கூடும்.

துண்டுகள் குட்டையாக இருக்கின்றனவே என்று தொடக்கத்தில் வருந்தினேன். அது தேவையற்ற வருத்தம். முழுக்கப் புத்தகங்கள் அடுக்கிய தட்டின் நீளம் இரு மடங்கானால் அதன் நடுவில் ஏற்படும் தொய்வு 16 மடங்காகிறது; ஆகவே ஒரே நீண்ட பலகைக்குப் பதிலாக 60 செ.மீ. அறைகளாகப் பிரித்து அமைத்த என் அலமாரி இன்றுவரை தொய்யவில்லை.

இழுப்பறைகளில் இந்த ஜிக்கின் உதவி பாதியளவுதான். முன், பின் பலகைகளின் வெளிப்பக்கத்தில் துளைகளை இட்டு முகப்புப் பலகையால் மறைத்துவிடலாம் என்றாலும், பெட்டி மூலைமட்டத்துக்கு, அதாவது மூலைகள் செங்கோணமாக, நிற்பதை நாமேதான் உறுதிசெய்ய வேண்டும். இழுப்பறை வழுக்கி ஓட உதவும் பக்கவாட்டு பால் பேரிங் சேனலுக்கு இருபுறமும் 12.7 மி.மீ. இடைவெளி தேவை, அதில் நான் சற்றுப் பிசகியதால் ஓர் இழுப்பறை இன்னும் இறுக்கமாகவே திறக்கிறது.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். சாய்வாக இறங்கும் திருகு பலகையை இடம்பெயரச் செய்யும் என்பதால், பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இல்லாமல் இந்த வேலை நடக்காது. நான் வாங்கிய பெட்டியில் அது இல்லை, வேண்டும் என்ற குறிப்பும் இல்லை.