டெண்டெராவுக்குப் படகிலா, காரிலா?

எகிப்தின் லக்ஸரில் நாலைந்து நாள் தங்குகிறவர்களுக்கு, கர்னாக்கும் அரசர் பள்ளத்தாக்கும் பார்த்து முடித்த பிறகு வரும் கேள்வி இது. வடக்கே சுமார் 60 கி.மீ. தள்ளி, கெனா நகரத்துக்கு எதிர்க்கரையில், டெண்டெராவில் ஹத்தோர் என்ற பழைய எகிப்தியப் பெண் தெய்வத்தின் கோயில் இருக்கிறது. காலையில் படகேறி நைலில் போய்க் கோயிலைப் பார்த்துவிட்டு, இருட்டும் நேரத்துக்குத் திரும்பலாம். காரில் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கோயில் வாசலிலேயே இறங்கலாம். ரயிலும் உண்டு.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயில்தான் முக்கியம் என்றால் கார். நதிதான் முக்கியம் என்றால் படகு. ஒரே நாளில் இரண்டும் வயிறு நிறையக் கிடைக்கும் என்று படகுக்காரர்கள் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். படகு காலை ஏழு மணியை ஒட்டிக் கிளம்பும். கெனா வரை ஏறத்தாழ நான்கு மணி நேரம். அங்கே இறங்கி பஸ்ஸில் கோயிலுக்குப் போக வேண்டும். கோயிலில் ஒன்றரை மணி நேரம், தாராளமான கைடு என்றால் இரண்டு. பிறகு மறுபடி படகு. நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது என்பதால் திரும்பி வருவது எதிர்நீச்சல். போனதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆக மொத்தம் பத்துப் பன்னிரண்டு மணி நேரப் பயணத்தில் கோயிலுக்குக் கிடைப்பது இவ்வளவுதான். அதுவும் உச்சி வெயிலில்.

அந்த இரண்டு மணி நேரம் போதாதா என்றால், வேறு கோயிலாக இருந்தால் போதும். இங்கே போதாது. இன்று நிற்கும் கட்டடத்தை கி.மு. 54இல், ஏழாம் கிளியோபாட்ராவின் தந்தை பன்னிரண்டாம் டாலமி காலத்தில் தொடங்கினார்கள். முன்மண்டபம் ரோமப் பேரரசர் டைபீரியஸ் காலத்தது. எகிப்தியக் கோயில்களில் கூரையோடு, மாடிப்படியோடு, நிலவறையோடு முழுசாக நிற்பவை மிகக் குறைவு. முன்மண்டபத்தில் 24 தூண்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் நான்கு பக்கமும் பசுக் காதுகளோடு ஹத்தோரின் முகம். முகங்களைப் பிற்காலத்தில் உளியால் கொத்திச் சிதைத்துவிட்டார்கள். அண்ணாந்து பார்த்தால் விதானம் முழுக்க நீலம். கோயிலுக்குள் குடியிருந்தவர்கள் மூட்டிய அடுப்புப் புகை நூற்றாண்டுக் கணக்கில் படிந்து கரியாகக் கிடந்த விதானம் அது. அண்மைக் காலத்தில்தான் சுரண்டித் துடைத்து வண்ணத்தை வெளியே கொண்டுவந்தார்கள். நட்சத்திரங்கள், ராசிகள், படகில் போகும் தெய்வங்கள், ஓரமாக உடலை நீட்டிச் சூரியனை விழுங்கும் நூத் என்ற வானதேவதை என்று கழுத்து வலிக்கும் வரை பார்க்கலாம்.

அப்புறம் நிலவறை. தரையில் ஒரு சின்னத் துவாரம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் குனிந்து இறங்க முடியும். படகுக் கூட்டம் முப்பது நாற்பது பேர் என்றால் இந்த ஒரு துவாரமே அரை மணி நேரத்தை விழுங்கிவிடும். உள்ளே, தாமரைப் பூவிலிருந்து பாம்பு எழுவதைச் செதுக்கிய சிற்பத்தைக் காட்டி, பழங்கால மின்விளக்கு என்று யாராவது காதில் ஓதுவார்கள். பக்கத்திலிருக்கும் எழுத்துகளே அதை ஹத்தோரின் மகனாக வழிபட்ட ஒரு தெய்வத்தின் வடிவம் என்கின்றன. சிரித்துவிட்டு நகருங்கள்.

மாடிப்படிகள் இரண்டு. ஒன்று சுற்றிச் சுற்றி ஏறுவது, மற்றது நேராக இறங்குவது. புத்தாண்டு நாளில் ஹத்தோரின் திருமேனியைச் சூரிய ஒளி பட வேண்டும் என்று மாடிக்குத் தூக்கிப் போவார்கள். அந்த ஊர்வலத்தைப் படிக்கட்டுச் சுவர் நெடுகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கல்லில் ஏறும் பூசாரிகளோடு நீங்களும் ஏறலாம். நேர்ப் படிகள் தேய்ந்து உருகிய மாதிரி ஆகிவிட்டன. இறங்கும்போது கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். மாடியிலுள்ள சிறு அறையின் விதானத்தில் வட்ட ராசி மண்டலம் இருக்கிறது. அசல் அல்ல, நகல். அசலை 1821இல் லெலோரேன் என்ற பிரெஞ்சுக்காரர் ரம்பத்தாலும் வெடிமருந்தாலும் பெயர்த்துக் கொண்டுபோனார். இப்போது பாரிஸில் லூவ்ரில் இருக்கிறது.

இவ்வளவையும் நின்று பார்க்க மூன்று மணி நேரமாவது வேண்டும். கார் வைத்துக்கொண்டவர்கள் காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே நுழைந்து, படகுக் கூட்டம் வருவதற்கு முன் நிதானமாகப் பார்த்து முடித்துவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே கார் பக்கம் சாய்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் படகுக்காரர்களுக்கு யோகம். கோயிலின் பின்சுவரில் கிளியோபாட்ராவும் மகன் சிசேரியனும் தெய்வங்களுக்குப் படையல் கொடுக்கும் பெரிய சிற்பம் உண்டு. கெனா அருகே நதி வளைந்து மேற்கே திரும்புவதால் கோயில் ஏறக்குறைய வடக்கு பார்த்து நிற்கிறது. பின்சுவர் தெற்கு முகம். மதியத்தில் வெயில் மேலிருந்து சரிந்து விழும்போது குழிவுச் சிற்பத்தின் கோடுகள் பளிச்சென்று எழும். காலையில் வந்தவருக்கு இது இவ்வளவு எடுப்பாகத் தெரியாது.

சரி, நதி என்ன தருகிறது? லக்ஸருக்கு வடக்கே கரையில் கோயில்கள் வரிசையாக நிற்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கரும்புத் தோட்டம், வாழைத் தோப்பு, தண்ணீர் இறைக்கும் பம்ப், கழுத்தளவு நீரில் எருமைகள், துடுப்பாலோ கழியாலோ தண்ணீரை அடித்து மீனை வலைக்குள் விரட்டும் சின்னப் படகுகள். பச்சைப் பட்டைக்குப் பின்னால் உடனே பாலை மலை. எகிப்து என்றால் என்ன என்பதை எந்த அருங்காட்சியகத்தைவிடவும் இந்த நான்கு மணி நேரம் நன்றாகச் சொல்லும். ஆனால் திரும்பும்போதும் இதே காட்சிதான். பாதிப் பேர் நாற்காலியில் தூங்கிவிடுவார்கள்.

தமிழர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் காரணம் உண்டு, கைடு பெரும்பாலும் சொல்ல மாட்டார். வழியில் கிழக்குக் கரையில் கிஃப்த் என்ற ஊர் வரும். அதுதான் பழைய கோப்டோஸ். நம் பக்கத்து மிளகு செங்கடல் துறைமுகங்களில் இறங்கி, ஒட்டகத்தில் பாலையைக் கடந்து, இங்கே வந்துதான் நைல் படகில் ஏறியது. அங்கிருந்து அலெக்சாந்திரியா, பிறகு ரோமாபுரி. முசிறியிலிருந்து வந்த சரக்கைப் பற்றிய கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒப்பந்தத்திலும் கோப்டோஸின் பெயர் இருக்கிறது. அந்தத் துறைமுகங்களில் ஒன்றான இன்றைய குசைர் அல்-கதீமில் கணன், சாதன் என்று தமிழ் பிராமியில் எழுதிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. படகிலிருந்து பார்த்தால் கிஃப்த் சாதாரண ஊர்தான், பார்க்க ஒன்றுமில்லை. இருந்தாலும் அந்த இடத்தைத் தண்ணீர் வழியாகக் கடப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஹத்தோரும் நதிவழிப் பயணிதான். ஆண்டுக்கு ஒருமுறை, நம் கோயில்களில் உற்சவர் புறப்படுகிற மாதிரி, டெண்டெராவிலிருந்து படகில் கிளம்பி, 150 கி.மீ.க்கும் மேல் எதிர்நீரோட்டத்தில் தெற்கேயுள்ள எட்ஃபு கோயிலுக்குத் தன் துணைவன் ஹோரஸைச் சந்திக்கப் போவாள். இரண்டு வாரம் திருவிழா நடக்கும்.

இங்கே இன்னொரு போட்டியாளரைச் சொல்ல வேண்டும். லக்ஸர் அஸ்வான் இடையே மூன்று, நான்கு இரவுக் கப்பலை ஏற்கெனவே பதிவு செய்தவர்கள் டெண்டெராவுக்கு இன்னொரு படகு ஏறுவது வீண். நதி அவர்களுக்கு அதிலேயே தாராளமாகக் கிடைக்கிறது, எஸ்னா நீர்ப்பூட்டில் (நீர்மட்டத்தை மாற்றிக் கப்பலை ஏற்றி இறக்கும் கதவடைப்பு) கப்பல் நிற்கும்போது கீழே சிறு படகிலிருந்து மேல்தளத்துக்கு அங்கிகளை வீசி விலை பேசும் வியாபாரிகள் உட்பட. உண்மையில் படகில் போய்ப் பார்ப்பதற்கென்றே அமைந்த கோயில் கோம் ஓம்போதான்: கரையிலேயே நிற்கிறது, இறங்கி நடந்தால் வாசல். எட்ஃபுவில் துறையிலிருந்து குதிரை வண்டி. பல குதிரைகளின் நிலை பார்க்கச் சகிக்காது, ஆட்டோவோ டாக்ஸியோ கேளுங்கள். இரண்டிலும் எல்லாக் கப்பலும் ஒரே நேரத்தில் வந்து நிற்பதால் கூட்டம் தள்ளும். டெண்டெராவில் அந்த நெரிசல் கிடையாது.

காரில் போகிறவர்கள் அதே நாளில், இன்னும் தள்ளியிருக்கும் பழைய கோயில் ஊரான அபிடோஸையும் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். லக்ஸரிலிருந்து போக மட்டும் இரண்டரை, மூன்று மணி நேரம். ஆனால் அங்கே முதலாம் சேத்தி என்ற எகிப்திய அரசரின் கோயிலில் உள்ள புடைப்புச் சிற்பங்களின் நேர்த்திக்கு முன் டெண்டெரா சிற்பங்கள் கொஞ்சம் உப்பலாகத்தான் தெரியும். 76 அரசர்களின் பெயர்கள் வரிசையாக உள்ள பட்டியலும் அங்கே சுவரில் இருக்கிறது. விடியுமுன் கிளம்பி அபிடோஸை முதலில் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் டெண்டெராவுக்கு மதியத்துக்கு மேல் வாருங்கள். அந்நேரம் படகுக் கூட்டம் போயிருக்கும், பின்சுவரிலும் வெயில் இருக்கும். சிறு பிள்ளைகளோடு வேண்டாம்.

ரயில் மலிவு. கெனா ஸ்டேஷனில் இறங்கி, ஆற்றைக் கடந்து கோயிலுக்கு டாக்ஸி. திரும்பவும் அதே டாக்ஸியைக் காத்திருக்கச் சொல்லிவிடுங்கள். கோயில் வாசலில் வேறு வண்டி கிடைப்பது கஷ்டம்.

படகை யார் எடுக்கலாம்? நடக்கச் சிரமப்படும் பெரியவர்களோடு வந்தவர்கள், கோயில் பார்த்துச் சலித்துப்போனவர்கள், ஒரு நாள் சும்மா உட்கார வேண்டும் என்று நினைப்பவர்கள். படகு எல்லா நாளும் ஓடாது, விசாரித்துக்கொள்ளுங்கள். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். சோறு, ரொட்டி, தஹினா என்ற எள் விழுது, சாலட் என்று சமாளிக்கலாம். டிசம்பர், ஜனவரியில் காலை வேளை வடகாற்று முகத்தில் அடிக்கும், ஸ்வெட்டர் வேண்டும். மேல்தளத்தில் இடது பக்கம் இடம் பிடியுங்கள். வடக்கே போகும்போது காலை வெயில் வலது பக்கம். தெற்கே திரும்பும்போது மாலை வெயிலும் வலது பக்கம்தான். சூரியன் மறைவதைப் படமெடுக்க மட்டும் கடைசி அரை மணி நேரம் எழுந்து அந்தப் பக்கம் போனால் போதும்.