வயிறா, தொடையா, பிட்டமா? இடுப்புக்குழிக் கான்சருக்குப் பிறகு எந்தப் பிளாப்

மலக்குடலையும் குதத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் கீழே பெரிய பள்ளம் மிஞ்சும். கதிர்ச்சிகிச்சை பட்ட தோல் லேசில் ஆறாது. வெறுமனே இழுத்துத் தைத்தால் தையல் பிரிந்து, மாதக்கணக்கில் மருந்து கட்ட வேண்டி வரலாம். அதனால்தான் வேறு இடத்துத் தசையையும் தோலையும் இரத்தக்குழாய் அறாமல் திருப்பிக் கொண்டுவந்து பள்ளத்தை நிரப்புகிறார்கள். இப்படிக் கொண்டுவரும் துண்டுதான் பிளாப். திருகோணமலையிலிருந்து மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிற குடும்பங்கள், எங்கிருந்து எடுக்கப்போகிறார்கள் என்பதை ஒப்பரேஷனுக்கு முன்பே கேட்க வேண்டும்.

வயிற்றின் நேர்தசைதான் பெரிய பள்ளத்துக்கு முதல் தெரிவு. சதை தாராளம், தோலும் பெரும்பாலும் கதிர் படாதது. பெண்களுக்கு யோனியின் பின்சுவரையும் எடுத்திருந்தால் அதையும் இதைக்கொண்டே அமைக்கலாம். ஆனால் வயிற்றுச் சுவர் பலவீனப்படும், குடலிறக்கம் வரலாம். நிலாவெளியில் கரைவலை இழுக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. இன்னொன்று, குதம் இல்லாததால் மலம் வயிற்றில் ஒட்டும் பைக்குள்தான் வெளியேறும். இந்த மலப்பை வழக்கமாக இடப்பக்கம் வரும், எனவே வலப்பக்கத் தசையை எடுப்பார்கள். சிறுநீர்ப்பையையும் அகற்றினால் சிறுநீருக்கான பையும் வயிற்றில்தான் வரும். அப்போது இடம் நெருக்கடியாகிவிடும்.

தொடையின் உட்பக்கத்து மெல்லிய தசையை எடுத்தால் வயிறு தப்பும். பக்கத்துத் தசைகள் அதன் வேலையைச் செய்துவிடுவதால் நடைக்குப் பெரிதாகக் குறை வராது. சாவித்துளை முறையில் ஒப்பரேஷன் செய்தால் இது வசதி, பிளாப்புக்காக வயிற்றைத் திறக்கத் தேவையில்லை. ஆனால் சதை கொஞ்சம்தான். சிலருக்கு இரண்டு தொடையிலிருந்தும் எடுக்க வேண்டும். கூடவே எடுக்கும் தோலின் கீழ்நுனிக்கு இரத்தம் சரியாக எட்டாமல் கருகுவதும் உண்டு.

பிட்டத்துப் பிளாப் காயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, தோலும் தடிப்பு. தொல்லை உட்காருவதில்தான். எந்தப் பிளாப் என்றாலும் முதல் வாரங்களில் காயத்தின் மேல் பாரம் போடக்கூடாது. இதில் எடுத்த இடமும் அங்கேயே இருப்பதால் சிரமம் இரட்டிப்பு. கொழும்புப் பக்கம் சுமார் 260 கிலோமீற்றர் பஸ்ஸில் உட்கார்ந்து போய்வர வேண்டியவர், தரையில் சம்மணமிட்டே பழகியவர், கிண்ணியாவில் ஐந்து வேளையும் தொழுகிறவர் எல்லாரும் இதை டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையையும் உள்ளே இறக்கி நிரப்புவார்கள். நல்லதுதான், ஆனால் அது தோல் தராது.

என் எண்ணத்தில், கதிர் பட்ட பெரிய பள்ளம் என்றால் குடலிறக்க ஆபத்தைத் தாங்கிக்கொண்டும் வயிற்றுத் தசையே மேல். ஆறாத காயத்தோடு வீட்டில் கிடப்பது அதைவிடக் கொடுமை. பள்ளம் சிறிதென்றால் தொடையைக் கேட்டுப் பாருங்கள். ஒப்பரேஷனுக்கு முன் பை வரும் இடத்தைப் பேனாவால் குறிப்பார்கள். அன்றைக்குச் சாரத்தையோ சேலையையோ வழக்கமாகக் கட்டும் இடத்தில் கட்டிக் காட்டுங்கள், பிளாப் எந்தப் பக்கம் என்பதையும் அப்போதே கேளுங்கள்.