ஸ்கையா, ஃப்ரீசாட்டா, ஃப்ரீவ்யூவா: பிரிட்டனில் டிவிக்குக் காசு கட்டும் முன்

பிரிட்டனில் புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது, மாதச் சந்தா டிவி சேவைகளில் ஸ்கை எடுக்கலாமா, வர்ஜின் எடுக்கலாமா என்றுதான். எனக்கு அது பின்னால் கேட்க வேண்டிய கேள்வியாகவே தோன்றுகிறது. மாதச் சந்தா இல்லாமல் வருவதில் உங்கள் வீட்டுக்கு எது போதவில்லை என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் பதில் கிரிக்கெட், இல்லாவிட்டால் கால்பந்து. இந்த இரண்டிலும் உங்களுக்கு ஆர்வம் இல்லை என்றால் ஸ்கைக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு வீண் என்பது என் கட்சி.

முதலில் ஃப்ரீவ்யூ. கூரையில் இருக்கும் சாதாரண ஆண்டெனா வழியாக வருவது. ஐடிவி டிஜிட்டல் என்ற கட்டண டிவி சேவை மூழ்கிப்போன 2002-லேயே தொடங்கிவிட்டார்கள். டிவியில் கம்பியைச் செருகி, சேனல்களைத் தேடவிட்டால் வேலை முடிந்தது. பிபிசி, ஐடிவி, சேனல் 4, சேனல் 5 எல்லாம் வரும், ஸ்கை நியூஸ் வரும், 2020 செப்டம்பரிலிருந்து ஸ்கை ஆர்ட்ஸும் வருகிறது. ஆனால் எல்லா ஊரிலும் ஒரே ஃப்ரீவ்யூ கிடைக்காது, இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. வேல்ஸ் பள்ளத்தாக்குகள் மாதிரி மலை மறைக்கும் இடங்களில் பெரிய கோபுரத்தின் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் சின்ன ரிலே கோபுரத்தை நம்பித்தான் இருக்க வேண்டும். அதில் முக்கியமான சேனல்கள் மட்டும் வரும், மற்றவற்றில் பல வராது. வாங்கும் முன் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கோபுரத்துக்கே ஏதாவது ஆனால் என்ன என்பதை வடகிழக்கு இங்கிலாந்துக்காரர்கள் அனுபவித்திருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 10 அன்று வட யார்க்ஷயரில் பில்ஸ்டேல் கோபுரம் தீப்பிடித்தது, லட்சக்கணக்கான வீடுகளில் டிவி நின்றுபோனது, சில இடங்களில் பல வாரம் கழித்துத்தான் சரியானது. டிஷ் வைத்திருந்தவர்கள் தங்கள் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால்தான் நான் ஃப்ரீசாட் பக்கம். மாதச் சந்தா இல்லாமல் டிஷ் வழியாக வருவது இது. பிபிசியும் ஐடிவியும் சேர்ந்து 2008 மே மாதம் தொடங்கியது. ஸ்கையின் டிஷ் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதே திசைதான், 28.2 டிகிரி கிழக்கில் இருக்கும் அதே செயற்கைக்கோள்கள்தான். முன்னால் குடியிருந்தவர் சுவரில் விட்டுப்போன ஸ்கை டிஷ் இருந்தால் பாதிச் செலவு மிச்சம். பெட்டியை ஒருமுறை வாங்கினால் போதும், ஹார்ட் டிஸ்க் உள்ள பெட்டி என்றால் பதிவு செய்து, விளம்பரத்தை ஓட்டிவிட்டுப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். டிஷ்ஷுக்கு முன்னால் கையை நீட்டியதுபோல இருக்கிறதே, அதன் நுனியில் இருப்பது எல்.என்.பி, டிஷ் பிடிக்கும் சிக்னலை வாங்கிப் பெட்டிக்கு அனுப்புவது. ஸ்கை கியூ என்ற ஸ்கையின் டிஷ் பெட்டி மாட்டிய வீடுகளில் இது வேறு வகை. சாதாரண ஃப்ரீசாட் பெட்டியைச் சொருகினால் படம் வராது, டிவியே கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். எல்.என்.பியை மாற்றவேண்டும், அல்லது அந்த வகைக்கும் ஒத்துப்போகிற ஃப்ரீசாட் பெட்டியாகப் பார்த்து வாங்கவேண்டும். குறையும் இல்லாமல் இல்லை: கட்டணத் தகராறில் சேனல் 4 எச்.டி 2018-லிருந்து 2021 டிசம்பர் வரை ஃப்ரீசாட்டில் இல்லாமலே இருந்தது.

சரி, ஸ்கை. இங்கிலாந்து சொந்த மண்ணில் ஆடும் டெஸ்ட் போட்டிகளின் நேரலை 2006-லிருந்து ஸ்கை கையில் இருக்கிறது. 2005 ஆஷஸ்தான் கடைசியாக இலவசமாகப் பார்த்தது. நடுவில் ஒரு விருந்து கிடைத்தது: 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு எதிரான தொடரைச் சேனல் 4 வாங்கிவிட்டது, சேப்பாக்கத்தில் ரூட் 218 அடித்ததை விடியற்காலை 4 மணிக்கு எழுந்தவர்கள் பைசா செலவில்லாமல் பார்த்தார்கள். அதை நம்பி இருக்க முடியாது. ஆனால் ஸ்கைக்குக் கட்டினாலும் கிரிக்கெட் முழுசாக வராது. 2025-26 ஆஷஸ் ஆஸ்திரேலியாவில் நடந்தபோது அது டிஎன்டி ஸ்போர்ட்ஸ் என்ற வேறொரு சந்தா சேனலில், அதற்குத் தனிக் காசு. பிரீமியர் லீக்கும் அப்படித்தான்: இப்போதைய ஒப்பந்தத்தில் ஒரு சீசனுக்குக் குறைந்தது 215 ஆட்டம் ஸ்கையில், 52 டிஎன்டியில். இங்கிலாந்தில் சனிக்கிழமை 3 மணி ஆட்டங்களை எவ்வளவு கொட்டிக்கொடுத்தாலும் நேரலையில் பார்க்க முடியாது, அந்த நேரத்தில் ஒளிபரப்பவே தடை.

ஸ்கையிலும் இப்போது முன்னால் தள்ளிவிடுவது டிஷ் இல்லாத ஸ்ட்ரீம் (சின்னப் பெட்டி), கிளாஸ் (ஸ்கை உள்ளேயே இருக்கும் டிவி) இரண்டையும். பிராட்பேண்ட் வழியாகத்தான் எல்லாம், வீட்டில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது, விளம்பரத்தைத் தாண்டிச் செல்லக்கூடத் தனியாகக் கேட்கிறார்கள்! பழைய ஸ்கை கியூ வைத்திருப்பவர்கள் அதை விட மாட்டேன் என்பது நியாயம்தான். ஆனால் சந்தாவை நிறுத்தினால் அதில் பதிவு செய்து வைத்ததையும் பார்க்க முடியாது, இதையும் மனதில் வையுங்கள். வருஷத்தில் நாலைந்து நாள் மட்டும் மேட்ச் பார்ப்பவர்களுக்கு ஸ்கையின் இணைய சேவையான நவ் போதும், ஒரு நாள் பாஸ் தருகிறார்கள். இரண்டு வருட ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

வர்ஜின் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தெருவில் அவர்கள் கேபிள் இருக்கிறதா, அவர்கள் பிராட்பேண்டையே எடுக்கப்போகிறீர்களா, இரண்டுக்கும் ஆமாம் என்றால் விலை கேட்டுப் பாருங்கள். டிஷ் மாட்ட வீட்டுக்காரர் விடாத அடுக்குமாடிகளில் இது கைகொடுக்கும்.

புதிதாக டிவி வாங்குபவர்கள் ஃப்ரீலியையும் பார்க்கலாம். 2024 ஏப்ரலில் வந்தது, பிபிசி, ஐடிவி, சேனல் 4, சேனல் 5 சேர்ந்து நடத்துவது, ஆண்டெனாவும் வேண்டாம், டிஷ்ஷும் வேண்டாம், நேரலையே இணையத்தில் வரும். இணையம் நின்றால் டிவியும் நின்றுவிடும், அவ்வளவுதான்.

அப்புறம் லைசென்ஸ். ஃப்ரீவ்யூ இலவசம்தானே என்று இதை விட்டுவிடாதீர்கள். எந்தச் சேவையில் பார்த்தாலும், நேரலை என்றாலோ பிபிசி ஐபிளேயர் என்றாலோ டிவி லைசென்ஸ் வேண்டும்; 2025 ஏப்ரலில் அது 174.50 பவுண்டு ஆனது. மற்ற ஆப்களில் பழைய நிகழ்ச்சிகளை மட்டும் பார்ப்பவர்களுக்குத் தேவையில்லை. கறுப்பு வெள்ளை டிவிக்குத் தனி லைசென்ஸ் இன்னும் இருக்கிறது, 2025 ஏப்ரலில் அது 58.50 பவுண்டு ஆனது, அந்த டிவி உங்களிடம் இருந்தால்.